உஷார்! ‘ஆறிடுச்சி’ என்று நம்பவைக்கும் சர்க்கரைப் புண்

புதுச்சேரியின் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு திண்ணையில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், அதில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். இது குத்துமதிப்புக் கணக்கு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ‘இன்டியாப்’ ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சர்க்கரை நோய் அதிகம் உள்ள இடம் கோவா, 26.4 சதவீதம். அடுத்தது நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். நாட்டின் சராசரியே 11.4தான்.

அந்த ஒருவர்தான் சேடை ஓட்டிய கழனியில் வெறுங்காலோடு இறங்குகிறார். கரும்பு வெட்டிய நிலத்தில் நடக்கிறார். ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் தேருக்குக் கொளுத்தும் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் போகிறார். வேண்டுதல் இருந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார். கரும்புத் தூர் காலைக் கிழிக்கிறது, அல்லது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் கிளம்புகிறது. அவருக்கு வலிக்கவில்லை. கொஞ்ச நாளில் மேலே பொருக்குத் தட்டிவிடுகிறது. ‘ஆறிடுச்சி’ என்று கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி கழனியில் இறங்குகிறார்.

உஷார்! வலி இல்லை, சீழ் இல்லை, மேலே காய்ந்துவிட்டது. இந்த மூன்றையும் நம்பித்தான் விரல் போகிறது, பாதம் போகிறது, சில வீடுகளில் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போகிறது. புண்ணை வெறும் கண்ணால் பார்த்தால் போதாது என்பதால்தான் மருத்துவர்கள் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா, கிருமியை ஒளிரவைக்கும் விளக்கு, தோலுக்குள் எட்டிப்பார்க்கும் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்திருக்கிறார்கள். அவை கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. அந்தக் கருவிகளே ஏமாறும் இடங்களும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வலி இல்லையா? அதுதான் ஆபத்து

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் ஓடினால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. காலில் இருந்த செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்றுகூடத் தெரியாமல் நடந்து வருபவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தக் காலில் ஆணி ஏறினாலும் தெரியாது.

இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னவர் நம் மண்ணில் பிறந்த மருத்துவர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கையும் காலும் ‘அழுகி விழுகின்றன’ என்று ஊரே நம்பிய காலம் அது. சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அவர்கள் மேலும் மேலும் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். தொழுநோயாளிகளுக்காக வேலூரில் அவர் காலத்தில் புழக்கத்துக்கு வந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைத்தான் இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குகிறோம்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வெப்பக் கேமராவால் பாதங்களைப் படம் பிடித்துப் பார்த்தார். புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் கொதிக்க ஆரம்பிக்கிறது. தோல் முழுசாக இருக்கும், வலி இருக்காது, நிறம் மாறியிருக்காது. படத்தில் மட்டும் அந்த ஒரு இடம் தனியாகத் தெரியும். உள்ளே சதை நசுங்கி வீக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பின்னால் இதையே சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 225 பேர். ஒரு சாரார் வழக்கமான கவனிப்போடு இருந்தார்கள். இன்னொரு சாரார் தினமும் இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் வெப்பம் பார்த்தார்கள். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும். 18 மாதத்தில் முதல் சாராரில் 12.2 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. வெப்பம் பார்த்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்குத்தான்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் இருக்கிறதா? அதை ‘பொருள் வெப்பம்’ பார்க்கும் முறைக்கு மாற்றிக்கொண்டால்தான் காலுக்கு உதவும். நெற்றி முறையிலேயே வைத்தால் அது பாதத்து அளவைத் திருத்திக் காட்டும், அல்லது ‘குறைவு’ என்று சொல்லி நின்றுவிடும். கருவியே இல்லை என்றாலும் வீட்டில் இன்னொருவர் புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். ஒரு கால் மட்டும் சுட்டால், வீங்கியிருந்தால், புண்ணே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எலும்பும் மூட்டும் சத்தமில்லாமல் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

சீழ் இல்லையா? கண்ணை நம்பாதீர்கள்

புண்ணில் கிருமி ஏறியிருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறோம்? சீழ், நாற்றம், சிவப்பு, வீக்கம். சர்க்கரைக் காலில் இவை பலருக்குத் தாமதமாக வருகின்றன, சிலருக்கு வருவதே இல்லை.

ஊதா ஒளிக் கேமரா இங்கேதான் வேலைக்கு வருகிறது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா வெளிச்சத்தைப் புண்மேல் அடிப்பார்கள். சாயம் எதுவும் ஊற்றுவதில்லை, ஊசி போடுவதில்லை. புண்ணில் கூடுகட்டும் கிருமிகளில் பெரும்பாலானவை பார்ஃபைரின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஊதா ஒளி பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமி மட்டும் வெளிர்நீலப் பச்சையாக மின்னும். நல்ல வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த புண்ணின் ஓரத்தில், கட்டுக்கு வெளியே இருக்கும் தோலில்கூட, சிவப்புத் திட்டுகள் எழும்பும்.

கனடாவின் மாலிகுலைட் என்ற கேமராவை வைத்து அமெரிக்காவில் 350 பேரின் நாள்பட்ட புண்களை ஆராய்ந்த முடிவு 2021-ல் அச்சில் வந்தது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் 82 சதவீதப் புண்களில் கிருமிகள் ஆறவிடாத அளவுக்குக் குவிந்திருந்தன. பழுத்த மருத்துவர்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பிடித்தது அவற்றில் நூற்றுக்கு 15. கேமராவும் சேர்ந்தபோது 61. கருவியைச் செய்த நிறுவனமே முன்னின்று நடத்திய ஆய்வு என்பதையும் சொல்லிவிடவேண்டும். அப்படியும், புண்ணையே தினம் பார்க்கும் நிபுணருக்கு 15 என்றால், திண்ணையில் உட்கார்ந்து ‘சீழ் ஒண்ணும் காணோமே’ என்று சொல்லும் நமக்கு எவ்வளவு?

இந்த வழியில் நம் பக்கத்திலேயே வேலை நடக்கிறது. சென்னையில் கீதாஞ்சலி ராதாகிருஷ்ணன் தொடங்கிய அடியூவோ டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனம், பல அலைநீள ஒளியைக் கொண்டு புண்ணின் கிருமியைக் கண்டு வகை பிரிக்கும் ‘இல்லுமினேட்’ என்ற கைக்கருவியைச் செய்திருக்கிறது. எல்லா ஊர் மருத்துவமனைக்கும் இது வந்துவிடவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது, ‘புண்ணை ஒளி வைத்துப் பார்க்கும் வசதி இருக்கா டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பில்லை.

மஞ்சள் பூசிய காலோடு போகாதீர்கள்

புண் என்றதும் நம் கை முதலில் போவது அஞ்சறைப் பெட்டிக்கு. மஞ்சள், காபித்தூள், சில வீடுகளில் சாணம்கூட. சாணத்தில் ரணஜன்னிக் கிருமி இருக்கலாம் என்பது பழைய எச்சரிக்கை. இப்போது புதிதாக ஒன்று: மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் ஊதா வெளிச்சத்தில் தானே பளிச்சென்று பச்சை மஞ்சளாக ஒளிரும். கேமராவில் கிருமியின் வெளிச்சம் எது, மஞ்சளின் வெளிச்சம் எது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். காபித்தூளும் கறுப்பு மருந்தும் ஒளியைக் குடித்துவிடும். ஊதா மருந்து, பழுப்பு மருந்து எல்லாமே புண்ணின் உண்மை நிறத்தை மறைக்கும். கேமரா இல்லாமல் வெறும் கண்ணால் பார்க்கும் நர்ஸுக்கும் இதே தொல்லைதான்.

ஓடும் தண்ணீரில் அலசி, சுத்தமான துணியால் மூடி, அப்படியே கூட்டிப்போங்கள். என்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைத்தால் வைத்தியம் தப்பாகப் போகும்.

மேலே காய்ந்துவிட்டதா? உள்ளே யார் பார்த்தது?

அபிஷேகப்பாக்கத்துக்குப் பக்கத்தில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க, கண் மருத்துவர்கள் அன்றாடம் எடுக்கும் ஸ்கேனுக்கு ஓ.சி.டி. என்று பெயர். கிணற்றில் குரல் கொடுத்தால் திரும்பி வரும் ஓசையை வைத்து ஆழத்தைச் சொல்வதுபோல, உள்ளே அனுப்பிய ஒளி எந்த ஆழத்திலிருந்து திரும்புகிறது என்று கணக்கிட்டு அடுக்கடுக்காகப் படம் வரையும் கருவி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் 1991-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அதே ஒளியை ஆராய்ச்சியாளர்கள் இப்போது தோல் புண்ணின்மேலும் அடிக்கிறார்கள். பொருக்குக்குக் கீழே புதுத் தோல் எவ்வளவு தூரம் ஊர்ந்து வந்திருக்கிறது, புது ரத்தக் குழாய்கள் முளைத்தனவா என்று சதையை வெட்டாமலேயே பார்க்கமுடிகிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் லேசர் படங்கள் தீக்காயப் பிரிவுகளில் வேலை செய்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் பல அலைநீளக் கேமராக்களும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து சொல்லும் சேதி ஒன்றுதான்: மேலே மூடுவது ஆறுவதில் ஒரு கட்டம் மட்டுமே. தோல் மூடிய பிறகும் உள்ளே மாதக்கணக்கில் வேலை நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் புதுத் திசுவுக்குப் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எத்தனை மாதம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவது கடினம்.

இது ஆரோக்கியமான உடம்பின் கணக்கு. சர்க்கரைக் கால் இன்னும் மெதுவானது. பாதப் புண் ஆறியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது என்று, உலக ஆய்வுகளைத் தொகுத்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2017-ல் எழுதியது. ‘ஆறிடுச்சி’ என்று எம்.சி.ஆர். செருப்பைப் பரணில் போடுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

கண் ஸ்கேனுக்குத் தவளக்குப்பம் வரைக்கும் போகிறவர், அதே சர்க்கரை அரிக்கும் காலை யாரிடமும் காட்டாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். கண்ணுக்குப் போகும் அதே வாரத்தில் காலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேமராவும் ஏமாறும்

கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைத்தால் அங்கேயும் உஷார்!

ஒன்று, ஆழம். ஊதா ஒளியும் ஓ.சி.டி.யும் எட்டிப்பார்ப்பது தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே சீழ் கட்டியிருந்தாலும், எலும்பில் கிருமி ஏறியிருந்தாலும் இந்தப் படங்களில் தெரியாது. அதனால்தான் மருத்துவர் சுத்தமான உலோகக் கம்பியால் புண்ணுக்குள் மெல்லத் தொட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்க்கிறார், எக்ஸ்ரே எழுதுகிறார். ‘அதான் ஸ்கேன்ல நல்லா இருக்கே, எக்ஸ்ரே எதுக்கு?’ என்று அடம்பிடிக்காதீர்கள்.

இரண்டு, எல்லாக் கிருமியும் ஒளிர்வதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ் வகைகள் பெரும்பாலும் பார்ஃபைரின் சுரக்காது. படத்தில் சிவப்பு இல்லை என்பதை வைத்துக் கிருமியே இல்லை என்று முடிவு கட்டமுடியாது.

மூன்று, நம் தோல் நிறம். கறுத்த தோலில் இருக்கும் மெலனின் ஒளியை உறிஞ்சும். கொரோனாவில் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி நினைவிருக்கிறதா? அதுவும் ஒளியால் அளப்பதுதான். 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி நல்ல அளவு காட்டியபோதே உண்மையில் ஆக்சிஜன் இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று கண்டது. வெளுத்த தோலை வைத்து அளவு பார்த்த எந்த ஒளிக் கருவியும் நம் தோலில் தடுமாறலாம். ‘சிவந்திருந்தால் வாருங்கள்’ என்ற அறிவுரைகூட நம் காலுக்குச் சரியாகப் பொருந்தாது. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருநீலமாக, மினுமினுப்பாக, தொட்டால் சூடாகவே தெரியும்.

வாட்ஸ்ஆப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

“காலு எப்படிம்மா இருக்கு?”

“ஆறிக்கினு வருதுடா, நீ பயப்படாத.”

“தங்கச்சிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.”

படம் துபாயில் இருக்கும் மகனுக்குப் போகிறது. “பரவால்லியேம்மா, காஞ்சிடுச்சி” என்று பதில் வருகிறது. அங்கேயிருந்து சொந்தக்கார மருந்துக்கடைக்காரருக்குப் போகிறது. அவர் ஒரு மாத்திரை சொல்கிறார். இந்தச் சுற்றில் புண்ணைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

போன் கேமரா நிறத்தைத் தானே திருத்தும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தைச் சரிசெய்கிறேன் என்று புண்ணின் சிவப்பையும் சேர்த்து மாற்றிவிடும். இருட்டை வெளிச்சமாக்கும், தோலை வழவழப்பாக்கும். கிட்டே போய் எடுத்தால் புண் பெரிது, எட்ட நின்றால் சிறிது. மேலே கடலை அளவு ஓட்டை, உள்ளே குழிந்து விரிந்த பை என்றால் படத்தில் கடலைதான் தெரியும். படம் பார்த்துப் புண்ணை எடைபோடும் செயலிகளும் இதே படத்தைத்தான் தின்கின்றன.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. முறையாக எடுத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. கட்டு மாற்றும் நாளில், புண்ணைச் சுத்தம் செய்த பிறகு, பகல் வெளிச்சத்தில், வாரம் ஒருமுறை அதே இடத்தில் வைத்து எடுங்கள். புண்ணைத் தொடாமல் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலும் தேதி எழுதிய சீட்டும் இருக்கட்டும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இந்தக் கணக்குக்கு மருத்துவத்தில் மதிப்பு உண்டு. 2003-ல் அமெரிக்காவில் 203 சர்க்கரைப் பாதப் புண்களைப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கியவற்றில் 58 சதவீதம் 12 வாரத்தில் ஆறின. சுருங்காதவற்றில் ஆறியது 9 சதவீதம். அதாவது 3 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம் இருந்த புண் 6 சதுர சென்டிமீட்டர். நான்காம் வாரம் அது 3-க்குக் கீழே இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை என்றால் அதே கட்டு, அதே மாத்திரை, ‘இன்னும் ஒரு வாரம் பாப்போம்’ என்று ஓட்டக்கூடாது. ரத்த ஓட்டம் இருக்கிறதா, எலும்பில் கிருமி இருக்கிறதா, புண்மேல் எடை விழுகிறதா என்று பெரிய மருத்துவமனையில் பார்த்தாகவேண்டும். நமக்குக் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். தூரத்தைச் சாக்காகச் சொல்லமுடியாத ஊர் நம்முடையது.

இதையெல்லாம் செய்யவே கூடாது

- காலாணியை பிளேடால் சீவுவது, காலாணி பிளாஸ்திரி ஒட்டுவது. அதில் இருக்கும் அமிலம் மரத்துப்போன காலில் நல்ல சதையையும் அரித்துவிடும்.
- மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், சுடுநீர்ப் பக்கெட். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும்.
- பொருக்கைப் பிய்ப்பது. பொருக்கின்மேலேயே தூள் மருந்தைக் கொட்டி அடைப்பது.
- புண்மேல் ஊன்றி நடப்பது. எந்த மருந்தும் அந்த எடைக்கு ஈடுகொடுக்காது.
- சர்க்கரை உள்ளவர் தீ மிதிப்பது, வெயிலில் வெறுங்காலோடு தேர் இழுப்பது. வேண்டுதலை வேறு வகையில் செலுத்திக்கொள்ளலாம்.

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை

- காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணம் தெரியாமல் சர்க்கரை எகிறுவது.
- வீக்கமோ நிற மாற்றமோ புண்ணைத் தாண்டி மேலே ஏறுவது.
- விரல் கறுப்பது, நீலம் பாரிப்பது, பாதம் சில்லிட்டுப் போவது.
- கட்டை அவிழ்க்கும்போது நாற்றம், அழுத்தினால் நறநறவென்ற சத்தம்.
- இத்தனை நாள் வலிக்காத காலில் திடீரென்று வலி.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் சர்க்கரை உள்ளவரை உட்காரவைத்து, டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். புறங்கையால் தொட்டுச் சூடு ஒப்பிடுங்கள். புண்ணோ கொப்புளமோ இருந்தால் நாளைக் காலை முதல் வேலையாக ஓ.பி. சீட்டு போடுங்கள். ‘எனக்கு வலிக்கவே இல்லியே, எதுக்கு அலையணும்?’ என்று அவர் சொன்னால், நாளை வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள்.